உறையின் மூலையில் எட்டு எழுத்து

அமெரிக்க அஞ்சல் துறையின் ‘கிளிக்-என்-ஷிப்’ தளத்தில் லேபிள் எடுக்க உட்கார்ந்தால், முதலில் தராசைத் தேட வேண்டும். பெட்டியின் எடை, நீள அகலம், இரு முகவரிகள் எல்லாம் கொடுத்த பிறகுதான் கட்டணம் தெரியும். பணம் கட்டியதும் வரும் லேபிளைச் சாதாரணத் தாளிலேயே அச்சிட்டு வெட்டி ஒட்டிவிடலாம். ஒட்டும்போது மழைக்குப் பயந்து பார்கோடு மேலேயே டேப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பளபளப்பில் ஸ்கேனர் தடுமாறும். நாலு ஓரத்தையும் ஒட்டி, கோடுகளை மட்டும் திறந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கவுன்டர் வரிசையே கிடையாது. முன்கூட்டிச் சொல்லிவைத்தால், அன்றாடம் வரும் தபால்காரரே இலவசமாக எடுத்துப் போவார்.

ஜெர்மனியில் அஞ்சல் நிறுவனமான டாய்ச்சே போஸ்ட்டும் வீட்டில் அச்சிடும் ஸ்டாம்ப் விற்கிறது. ஆனால் என் மனதைத் தொட்டது, அச்சே தேவைப்படாத இன்னொன்று. 2020 டிசம்பரில் அவர்களுடைய செயலியில் வந்தது. செல்போனில் பணம் கட்டினால் ஒரு குறியீடு கிடைக்கும். உறையின் வலது மேல் மூலையில், ஸ்டாம்ப் ஒட்டுகிற அதே இடத்தில், பேனாவை எடுத்து # குறி போட்டு ‘போர்ட்டோ’ என்று எழுதி, அதன்கீழே குறியீட்டின் எட்டு எழுத்துகளை நான்கு நான்காக இரண்டு வரியில் எழுத வேண்டும். அவ்வளவுதான், தபால் பெட்டியில் போட்டுவிடலாம். நம் கையெழுத்தை இயந்திரம் படித்துக்கொள்ளும். ஒரு குறியீடு ஒரு கடிதத்துக்குத்தான். 2008-இலேயே எஸ்.எம்.எஸ். அனுப்பி 12 இலக்க எண் வாங்கி எழுதும் முறை அங்கே இருந்தது. அப்போது 55 சென்ட் கடிதத்துக்கு 95 சென்ட் கேட்டார்கள். இப்போதைய முறையில் கூடுதல் கட்டணம் ஏதுமில்லை.

வீட்டில் பிரின்டர் இல்லாதவரை அமெரிக்கா மறந்துவிட்டது என்று சொல்லவில்லை. செல்போனுக்கு வரும் கியூஆர் குறியைக் காட்டினால் அஞ்சலகத்திலேயே லேபிள் அச்சிட்டுத் தருவார்கள். ஆனால் அதற்கு மறுபடி அஞ்சலகத்துக்கே போயாக வேண்டுமே! சாதாரணக் கடிதத்துக்கோ கிளிக்-என்-ஷிப்பில் இடமே இல்லை. கடிதத்துக்கும் கணினியில் கட்டணம் அச்சிட வேண்டுமானால், 1999-இல் அனுமதி பெற்ற ‘ஸ்டாம்ப்ஸ்.காம்’ போன்ற தனியார் சேவைக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். தினமும் ஐம்பது பார்சல் அனுப்பும் கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகும். மாதம் இரண்டு கடிதம் போடும் பாட்டிக்கு? பார்சலுக்கு அமெரிக்க வழியை மிஞ்ச முடியாது. கடிதம் எழுதுகிறவரை மதித்தது ஜெர்மன் வழிதான் என்பேன்.

அந்த மதிப்பிலும் ஒரு குறை வைத்தார்கள். வாங்கிய குறியீடு 14 நாளில் காலாவதியாகிவிடும் என்று விதி போட்டிருந்தார்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் ஸ்டாம்ப் அப்படிக் கெட்டுப்போவதில்லை. அமெரிக்காவில் 2007 முதல் விற்கும் ‘ஃபாரெவர்’ ஸ்டாம்ப், விலை எத்தனை முறை ஏறினாலும் செல்லும். பயன்படுத்தாத கிளிக்-என்-ஷிப் லேபிளுக்குக்கூட, 30 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பி வரும். உடல்நிலை சரியில்லாமல் கடிதத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டவர், கட்டிய காசை ஏன் இழக்க வேண்டும்? ஜெர்மன் நுகர்வோர் அமைப்பு இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. கொலோன் உயர் நீதிமன்றம் 2023-இல் அந்த 14 நாள் கெடு செல்லாது என்றது.