கப்பல் ஏட்டில் மறைந்த பெயரும் குருதியில் மறையாத உறவும்

காவிரி பாயும் தஞ்சையை நெற்களஞ்சியம் எனப் புகழ்வர். அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவனின் வயிறு நிரம்பியதா என்று கேட்டவர் எத்தனை பேர்? மிராசுதாரரின் நிலத்தோடு ஆளும் விற்கப்பட்டான், அடகு வைக்கப்பட்டான். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை ஏற்க மறுத்தது. ஏட்டில் அடிமை மறைந்தான். வயலில் பண்ணையாளாக நின்றான்.

வேறு வழி எது? கடல்தான்! நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கப்பல்கள் காத்து நின்றன. மலேயாவுக்கும் இலங்கைக்கும் பலர் சென்றனர். பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களுக்காக 1853 முதல் மார்த்தினிக்கிலும், 1854 முதல் குவாதலூப்பிலும் இந்தியத் தொழிலாளர் இறக்கப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ 1860 நவம்பர் 16-இல் நேட்டால் கரையை அடைந்தது. 1911 வரை அந்நாட்டுக்கு மட்டும் 1,50,000-க்கும் மேற்பட்டோர் சென்றனர்.

நேட்டால் கப்பல் ஏடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் ஆகியவை குறிக்கப்பட்டன. எழுதியவன் காதில் விழுந்தபடி ஊர்ப்பெயர் சிதைந்தது; ஆள்பெயரும் உருமாறியது. நான்காம் தலைமுறைப் பேரன் அந்த ஏட்டைப் புரட்டினால், தன் பாட்டனின் ஊரை எப்படி அறிவான்?

இங்கேதான் அறிவியல் கைகொடுக்கிறது. நம் டி.என்.ஏ.வில் பாதி தந்தை தந்தது. பாதி தாய் தந்தது. உடன்பிறந்தார் ஏறத்தாழ 50 விழுக்காட்டைப் பகிர்கின்றனர். ஒன்றுவிட்ட உடன்பிறந்தார் சுமார் 12.5, இரண்டுவிட்டவர் சுமார் 3, மூன்றுவிட்டவர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. தலைமுறை தோறும் மரபுத் துண்டுகள் நறுங்கிச் சிறுக்கும். ஆகவே, இருவருக்கும் பொதுவான துண்டு நீளமாயின் உறவு அண்மையது, குறுகியதாயின் தொலைவானது. இந்த நீளத்தைச் செண்டிமார்கன் என்னும் அலகால் கணக்கிடுகின்றனர்.

ஆனால் நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணந்து, ஒரே வட்டத்துக்குள் கொண்டு கொடுத்து வந்தோம். அதனால் பொதுவான துண்டுகள் பல வழிகளில் வந்து சேர்ந்து, தொலைவான உறவையும் அண்மை உறவாகக் காட்டும். மொத்தத் தொகையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். நீண்ட துண்டுகளையே முதலில் நோக்க வேண்டும். மேலும், பொருத்தம் உறவின் அளவைச் சொல்லுமேயன்றி, ஊரையும் பெயரையும் சொல்லாது. அவற்றை ஏடும் முதியோர் நினைவுமே தரவேண்டும். பரிசோதனை செய்துகொள்ளாதவரோ பொருத்தப் பட்டியலில் தோன்றவே மாட்டார்.

இந்தக் கருவியைக் கொண்டு சாதிப் பெருமையைத் தேடப் புறப்படுவோரும் உண்டு. பழைய மடமைக்குப் புதிய பூச்சு! 2013-இல் ஐதராபாத் ஆய்வகத்தாரும் ஹார்வர்டு ஆய்வாளரும் வெளியிட்ட முடிவு என்ன? ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தனர். அதன் பின்னரே அகமணம் இறுகியது என்பதாகும். இன்று தூய்மை பேசும் ஒவ்வொரு கூட்டமும் கலப்பின் வழித்தோன்றலே. மனு வகுத்த கோட்டை விதியென்பார்க்கு, அந்தக் கோட்டுக்கு முன்பே கலந்த குருதி விடையளிக்கிறது.

கடல் கடந்த தோட்டங்களில் சாதி வேலி தாண்டி மணந்தோர் உண்டு. அவர்தம் பேரன்மார் இன்று தஞ்சையில் உறவு தேடினால், அவ்வுறவு எந்தத் தெருவில் கிடைக்கும்? மேலத் தெருவில் கிடைக்கலாம், சேரியிலும் கிடைக்கலாம். எங்கு கிடைப்பினும் அதை உறவென்று ஏற்கும் நெஞ்சம் வேண்டும். அந்த நெஞ்சம் இல்லாதவனுக்குப் பரிசோதனை எதற்கு?

இளைஞர்களே! வீட்டு முதியோரை அணுகுங்கள். யார் கப்பலேறினார், எந்தத் துறையில் ஏறினார், எவ்வூரை விட்டுச் சென்றார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கூலி என்று எண்ணிட்டு அனுப்பப்பட்டவனுக்கு மீண்டும் பெயர் தருவது நம் கடன். அந்த முதியோர் மறைந்தால், எந்த ஆய்வுக்கூடமும் அந்தப் பெயரை மீட்டுத் தராது.