பழி சுமந்த பேட்டை

நகரங்கள் பெருகத் தொடங்கிய காலந்தொட்டு, ஒவ்வொரு பெருநகரிலும் ஏதேனும் ஒரு பேட்டை ‘கெட்ட இடம்’ என்று பெயரெடுத்து வந்திருக்கிறது. அங்கே பெண் கொடுக்கத் தயங்குவர். அங்கிருந்து வருபவனுக்கு வேலை தர அஞ்சுவர். அந்தப் பெயரைச் சூட்டியவர் யாவர்? சூட்டியபின் அங்கு வாழ்ந்த மக்கள் என்ன ஆயினர்? இவ்விரு வினாக்களுக்கும் தெளிவான விடை கிடைக்கும் இடங்கள் வரலாற்றில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, கிழக்கு இலண்டனில் ஷோர்டிச்சுக்கும் பெத்னல் கிரீனுக்கும் இடையே கிடந்த ‘பழைய நிக்கல்’ என்னும் பகுதியாகும்.

ஏறத்தாழ 15 ஏக்கர் நிலம். எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகள். ஐயாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட மக்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் உண்டு, உறங்கி, வேலையும் பார்த்தது. மரச்சாமான் செய்வோர், செருப்புத் தைப்போர், தீப்பெட்டி ஒட்டுவோர், தெருவில் கூவி விற்போர் ஆகியோரே அங்குப் பெரும்பான்மையினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்கு நாற்பதின்மர் மாண்டனர். இலண்டன் முழுமைக்கும் அமைந்த சாவு விகிதம் அதில் ஏறக்குறைய பாதிதான். ஆயினும் வெளியுலகம் பேசியது அங்கு நிகழ்ந்த சாவுகளை அன்று, களவுகளையே.

1889இல் சார்லஸ் பூத் என்னும் வணிகர், இலண்டன் மக்களின் வாழ்வை ஆராய்ந்து தாம் எழுதிய நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். தெருத்தெருவாக நிறம் தீட்டிய வரைபடம் அவ்வாய்வின் புகழ்பெற்ற பகுதி. செல்வர் வாழும் தெருவுக்கு மஞ்சள். நடுத்தரத்தார் தெருவுக்குச் சிவப்பு. மிக வறியோர் தெருவுக்குக் கருநீலம். எல்லாவற்றிலும் கீழான வகுப்புக்குக் கறுப்பு. அக்கறுப்புக்கு அவர் தந்த விளக்கத்தில் தீயொழுக்கம், பாதிக் குற்றவாழ்வு என்னும் பொருள்படும் சொற்கள் இருந்தன. பழைய நிக்கலின் தெருக்கள் பல கறுப்பாயின.

ஆனால் அதே பூத் தந்த எண்களை நோக்குவோம். கிழக்கு இலண்டனில் அக்கடைசி வகுப்பினர் ஏறத்தாழ 11,000 பேர். நூற்றுக்கு ஒன்றேகால் வீதம். இலண்டன் முழுவதிலும் வறுமையில் வாடியோரோ நூற்றுக்கு 30.7 வீதம். வறுமைக்குக் குறைந்த கூலியும், நிலையற்ற வேலையும், நோயும், பெருங்குடும்பமுமே தலையாய காரணங்கள் என்பதையும் அவர் காட்டினார். எண்கள் சொன்ன செய்தி அது. நாட்டின் நினைவில் நின்றதோ வரைபடத்தின் கறுப்பு நிறம். ஒரு தெருவுக்கு ஒரே நிறம் தீட்டும்போது, அத்தெருவின் திருடனும், விடியுமுன் எழுந்து தீப்பெட்டி ஒட்டிய விதவையும் ஒரே நிறத்துக்குள் அடங்கிவிட்டனர்.

இங்கே மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் பதிவான களவும் வன்முறையும் குறைந்துகொண்டே வந்தன. அச்சமோ குறையவில்லை. 1888இல் அண்டைப் பகுதியான ஒயிட்சேப்பலில் பெண்கள் அடுத்தடுத்துக் கொலையுண்டனர், கொலையாளி பிடிபடவேயில்லை. பத்திரிகைகள் கிழக்கு இலண்டன் முழுவதையுமே இருள்நிலமாகச் சித்திரித்தன. 1896இல் ஆர்தர் மாரிசன், பழைய நிக்கலை ‘ஜாகோ’ என்று பெயர் மாற்றி, ‘ஜாகோவின் பிள்ளை’ என்னும் பொருள்படும் தலைப்பில் நாவல் ஒன்று எழுதினார். அவருக்கு அப்பகுதியைக் காட்டியவர் அங்குப் பணியாற்றிய ஆர்தர் ஆஸ்பார்ன் ஜே பாதிரியார். நாவலின் சித்திரம் மிகையானது என்று எச். டி. டிரெய்ல் என்னும் திறனாய்வாளர் மறுத்தெழுதினார். மறுப்பை மறந்த மக்கள், நாவலை மறக்கவில்லை.

அங்குக் களவே இல்லை என்பது நம் வாதமன்று. களவும் இருந்தது, அடிதடியும் இருந்தது. ஆனால் ஒழுகும் கூரைக்கும் ஈரச் சுவருக்கும் வாரந்தவறாது வாடகை வாங்கியவர்கள் யார்? அந்த வீடுகளின் உரிமையாளருள் உள்ளூர் ஆட்சிக்குழு உறுப்பினரும் பிரபுக்களும் இருந்தனர் என்று பிற்கால ஆய்வு காட்டியது. வீடுகளைச் செப்பனிடச் செய்யவேண்டிய குழுவிலேயே வீட்டுக்காரரும் அமர்ந்திருந்தனர்! அவர்கள் வாழ்ந்த தெருக்களுக்கு எவரும் கறுப்பு நிறம் தீட்டவில்லை.

1890இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தின்படி இலண்டன் கவுண்டி கவுன்சில் அப்பகுதியை இடித்தது. இடிபாட்டு மண்ணை நடுவே மேடாகக் குவித்து, அதனைச் சுற்றி அழகிய செங்கல் மாடிக்குடியிருப்புகளை எழுப்பியது. 1900இல் வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்துவைத்தார். பொதுமன்றம் ஏழைகளுக்கு நல்ல வீடு கட்டித் தருவது தன் கடமை என்று ஏற்றுக்கொண்ட முன்னோடி முயற்சி அது. அந்தப் பெருமையை மறுத்தல் முறையன்று. எனினும் ஒரு கணக்கு நெஞ்சை உறுத்துகிறது. இடம்பெயர்ந்தவர் 5,719 பேர். புதிய வீடுகளில் குடியேறிய பழைய குடிகளோ பதினொருவர் மட்டுமே! புதிய வாடகையைக் கொடுக்க ஏனையோரால் இயலவில்லை. அவர்கள் அண்டைத் தெருக்களில் நெருக்கியடித்துப் புகுந்தனர். வறுமையும் உடன் சென்றது. பேட்டை திருந்தியது, பேட்டையின் மக்கள் வாழ்வு திருந்தவில்லை.

அதே பிரிட்டிஷ் ஆட்சி, 1871இல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றி, 1911இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கியது என்பதை நம் மக்கள் அறிவர். அங்கே தெருவுக்குச் சூட்டிய பழியை, இங்கே பிறப்புக்குச் சூட்டினர்.

காலம் மாறிற்று. கிழக்கு இலண்டனுக்கு யூதர் வந்தனர். பின்னர் வங்காள முஸ்லிம்கள் வந்தனர். 1978 மே 4ஆம் நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்னும் இளம் தையல் தொழிலாளி ஒயிட்சேப்பலில் இனவெறியால் குத்திக் கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் அவருடைய சவப்பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம் நோக்கி நடந்தனர். அவர் வீழ்ந்த இடத்தை அடுத்த பூங்கா 1998 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழைய நிக்கலின் காலத்தில் ஊர், ஏழைகளைக் கண்டு அஞ்சியது. இப்போது ஏழைத் தொழிலாளர் ஊரைக் கண்டு அஞ்ச நேர்ந்தது.

‘அந்தப் பகுதி பாதுகாப்பானதா?’ என்று கேட்பது இயல்பே. அவ்வினாவோடு, ‘அங்கு வாழ்பவருக்குப் பாதுகாப்பு உண்டா?’ என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். களவின் கணக்கை எழுதும் ஏட்டிலேயே கூலியின் கணக்கும், வாடகையின் கணக்கும், மாண்ட குழந்தைகளின் கணக்கும் இடம்பெற வேண்டும். அன்று அவ்வாறு எழுதியிருப்பின், அந்த 5,719 பேரும் எங்கே போனார்கள் என்று கேட்பதற்கு ஒருவரேனும் இருந்திருப்பர்.