படியும் புதுமையும்: பால்மரம் உணர்த்தும் மரபணு வரலாறு

பேராக்கில் பிறந்தோர்க்கு இரப்பர் மரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எனினும் நம்மை வளர்த்த அம்மரத்தின் வரலாற்றை 1877ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவது நம் வழக்கமாயிற்று. 1876இல் ஹென்றி விக்காம் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவு. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையை எச். என். ரிட்லி வகுத்தளித்த பின்னர், காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகளின் பின்னே நம் முன்னோர் வந்தனர்.

இவ்வரலாற்றுக்கு முந்தைய வரலாறு ஒன்று உண்டு. இரப்பரைச் சிறிதளவேனும் உண்டாக்கும் தாவர இனங்கள் ஈராயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் இம்மரம் மட்டும் ஏன் இத்துணைப் பெருவளம் தருகிறது? இவ்வினாவே, உயிர்களில் புதிய மரபணு எவ்வாறு தோன்றுகிறது என்னும் பெரிய வினாவிற்கு நம்மை இட்டுச் செல்கிறது.

இயற்கை பெரும்பாலும் வெறுமையிலிருந்து படைப்பதில்லை. இருப்பதைப் படியெடுத்துத் திருத்துகிறது. 1936இல் பிரிட்ஜஸ், முல்லர் ஆகிய அறிஞர்கள் பழ ஈயின் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டித்திருப்பதைக் கண்டனர். 1970இல் சுசுமு ஓனோ இக்கருத்தை ஒரு நூலாகவே விரித்தெழுதினார். அவர் காட்டிய நெறி எளியது. ஒரு மரபணு தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்வரை, அதில் நேரும் பெருமாற்றம் உயிருக்கே கேடாகலாம். இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது நேரும் பிழையால் அம்மரபணு இரண்டாகிவிட்டால், ஒரு படி பழைய கடமையைத் தொடரும். மற்றது கட்டற்று மாறும். அவ்வாறு மாறுவனவற்றுள் பெரும்பாலானவை சிதைந்து பயனற்றுப் போகும். மிகச் சில புதிய பணியை ஏற்கும். அப்பணி நன்மை தருமாயின் இயற்கைத் தேர்வு அதனை நிலைநிறுத்தும். சிவப்பையும் பச்சையையும் நம் கண் வேறுபடுத்தி அறிவதும் இவ்வாறு இரட்டித்துப் பிரிந்த மரபணுக்களாலேயே.

நம் பால்மரத்திலும் இதுவே நிகழ்ந்தது. மலேசியாவில் தோட்டந்தோறும் நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகையின் மரபணுத்தொகை வரைவு 2013இல் வெளியாயிற்று. 2016இல் சீன ஆய்வாளர்கள் மற்றொரு வகையை ஆராய்ந்து, இரப்பர்த் துகளைச் சூழ்ந்திருக்கும் புரதங்களுக்குரிய ஒரு மரபணுக் குடும்பத்தில் 18 உறுப்பினர் இருப்பதைக் கண்டனர். அவற்றுள் சில பால்குழாய்களுக்கே உரியனவாகிவிட்டன. இக்குடும்பத்தின் வழக்கமான புரதம் 204 அமினோ அமிலங்கள் கொண்டது. அதனை ஒத்தவை, ஒப்பிடப்பட்ட வேறு 17 தாவரங்களிலும் உண்டு. ஆனால் இரப்பர் மரத்தில் மிகுதியாகக் காணப்படும் 138 அமினோ அமிலங்களே கொண்ட குறும்புரதம் அத்தாவரங்கள் எவற்றிலும் இல்லை. குறுகிய அப்படியே பெரும்பால் வளத்திற்குத் துணை நின்றது என்பது ஆய்வாளர் கருத்து.

மொழியியலார்க்கு இது புதிய காட்சியன்று. சோழர் கல்வெட்டுகளில் ‘கண்காணி’ என்னும் சொல் மேற்பார்வையாளரைக் குறிக்கும். இன்றும் ‘கண்காணித்தல்’ அப்பழம் பொருளையே தாங்கி நிற்கிறது. அதன் மருவிய வடிவமாகிய ‘கங்காணி’யோ, தோட்டத்திற்கு ஆள் சேர்த்து வேலை வாங்கியவனுக்கு உரியதாயிற்று. ஒரு சொல் இரண்டாகி, ஒன்று பழமையைக் காத்தது. மற்றது புதிய வாழ்வில் புதிய பணி ஏற்றது. எனினும் ஒப்புமையை எல்லை கடத்தல் ஆகாது. சொல்லைப் பேசுவோர் தம் தேவைக்கேற்பத் தெரிந்து ஆளலாம். மரபணு மாற்றத்திற்கு அத்தகைய நோக்கம் எதுவும் இல்லை. படியெடுத்தல் மட்டுமே வழி என்பதும் சரியன்று. முன்பு எந்த மரபணுவும் இல்லாத பகுதியிலிருந்தே புதியது எழக்கூடும் என்பதற்குப் பழ ஈயில் 2006 முதல் சான்றுகள் கிடைத்து வருகின்றன.

இங்கு ஆசிரியர்கள் மாணவர்க்குத் தெளிவுறுத்த வேண்டியது ஒன்றுண்டு. தோட்டத்தில் நாம் கண்ட ஒட்டுக்கன்றும் படியே. ஆனால் அது முழு மரத்தின் மாறாத படி. ஒரே வகையை ஒட்டுக் கட்டிப் பெருக்கினால் நிரை நிரையாக ஒரே மரபு நிற்கும். விளைச்சல் பெருகும், நோய் வந்தால் அனைத்தும் ஒருங்கே வீழும் அச்சமும் பெருகும். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் நம் நாட்டை அடைதலாகாது என்று அஞ்சுவது இதனால்தான். 1981இல் அறிஞர்கள் மீண்டும் அமேசானுக்குச் சென்று விதை திரட்டி, மலேசியாவிலும் மரபு வளத் தொகுப்பு அமைத்ததற்கும் இவ்வளக்குறைவே காரணம். இயற்கைத் தேர்வு செயற்பட வேண்டுமாயின் தேர்வதற்கு வேறுபாடு இருத்தல் வேண்டும்.

ஈப்போவைச் சுற்றிய தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. மரத்தோடு அதனைச் சூழ்ந்த சொற்களும் மறைகின்றன. பெரட்டு, ஒட்டுப்பால், லயன், கிராணி என்பவற்றின் பொருளை இன்று மாணவர் தம் பாட்டியிடம் கேட்டே அறிதல் வேண்டும். மரபணு வளத்தைக் காக்க விதை திரட்டியதுபோல், சொல்வளத்தைக் காக்க நாம் திரட்ட வேண்டியவை இச்சொற்கள். ஒவ்வொரு வகுப்பும் தன் வீட்டு முதியோரிடம் சென்று, சொல்லையும் பொருளையும் வழங்கிய இடத்தையும் குறித்து வருமாயின் அதுவே நல்ல தொடக்கமாகும். புதியது பழையதன் படியிலிருந்தே பிறக்கிறது. பழையது அழிந்துவிட்டால், எதனைப் படியெடுப்பது?