பிழை திருத்தியவரின் பிழை



முப்பத்தைந்து ஆண்டுகள் நான் சிவப்பு மையோடு வாழ்ந்தவன். பிறர் எழுதியதில் பிழை காண்பதே என் தொழிலாக இருந்தது. ஆகவே, பிழை திருத்தும் கலையில் உலக வரலாற்றிலேயே பெரும்பெயர் பெற்ற ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமென்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக உண்டு. அவர் பெயர் ஜெரோம். நம் நாட்டுக் கத்தோலிக்கர் எரோணிமுஸ் என்றும் அவரை வழங்குவர். கிறித்தவத் திருச்சபை அவரைப் புனிதர் என்று போற்றுகிறது. எனினும், அவர் வாழ்க்கையை முழுமையாகப் படிப்போர் போற்றத்தக்கவற்றோடு வருந்தத்தக்கவற்றையும் காண்பர். இரண்டையும் மறையாது கூறுவதே வரலாற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஜெரோம் கி.பி. 347ஆம் ஆண்டையொட்டி, உரோமப் பேரரசின் தல்மாத்தியா, பன்னோனியா ஆகிய மாநிலங்களின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே உரோமாபுரிக்குச் சென்று, தொனாத்துஸ் என்னும் புகழ்பெற்ற இலக்கண ஆசிரியரிடம் பாடம் கேட்டார். அங்கே அவருடன் பயின்ற தோழர் ரூபினஸ். கல்வியிலும் துறவு வேட்கையிலும் இருவரும் ஒத்திருந்தனர். பிற்காலத்தில் பிரிந்து வாழ்ந்தபோது, ஜெரோம் கீழ்த்திசையிலிருந்து ரூபினஸுக்கு உருக்கமான மடல் ஒன்று வரைந்தார். அறுந்துபோகக்கூடிய நட்பு ஒருநாளும் மெய்யான நட்பாய் இருந்ததில்லை என்னும் கருத்தோடு அம்மடலை முடித்தார். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு வேண்டியிருக்கும்.

ஏறத்தாழ 374இல் அவர் சிரியா நாட்டை அடைந்து, கால்கிஸ் பாலைவனத்தில் தவம் மேற்கொண்டார். அலைபாயும் மனத்தை அடக்க ஒரு வழி தேடி, கிறித்தவராகிய யூதர் ஒருவரிடம் எபிரேய மொழி கற்கத் தொடங்கினார். சிசரோவின் செவிக்கினிய இலத்தீனில் தோய்ந்தவருக்கு எபிரேயத்தின் ஒலிகள் கரடுமுரடாக இருந்தன. பலமுறை கைவிட்டதையும் பலமுறை மீண்டும் தொடங்கியதையும் அவரே முதுமையில் எழுதியிருக்கிறார். புதிய மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கிச் சோர்ந்திருக்கும் மாணவர்கள் இதனைக் கேட்டு ஆறுதல் கொள்ளலாம்.

382இல் அவர் உரோமாபுரிக்குத் திரும்பினார். அக்காலத்தில் அச்சு இல்லை. நூல்கள் யாவும் கையாலேயே படியெடுக்கப்பட்டன. படியெடுப்போர் ஒரு சொல்லை விடுவர்; ஒரு சொல்லைச் சேர்ப்பர்; தெளியாத இடத்தில் தம் கருத்தை நுழைப்பர். இதனால் இலத்தீனில் வழங்கிய நற்செய்தி நூல்களில் பிரதிதோறும் வேறுபாடு மலிந்திருந்தது. பாப்பரசர் தமாசுஸ் இவற்றைத் திருத்தும் பணியை ஜெரோமிடம் ஒப்படைத்தார். பழைய கிரேக்கப் பிரதிகளோடு ஒப்புநோக்கி அவர் அவ்வேலையைச் செய்தார்.

நூலில் பிழை கண்ட அதே கண் மனிதரிடமும் பிழை கண்டது. நகரத்துக் குருமார்களின் ஆடம்பரத்தை அவர் எள்ளி எழுதினார். எழுதியவற்றில் உண்மை இருந்தது. ஆனால் இரக்கம் இல்லை. 384இல், அவரது அறிவுரையைப் பின்பற்றிக் கடுந்துறவு பூண்ட பிளேசில்லா என்னும் இளங்கைம்பெண் இறந்தாள். நோன்பே அவளைக் கொன்றது என்று மக்கள் கொதித்தனர். அழுது மயங்கிய தாய் பவுலாவுக்கு ஜெரோம் எழுதிய மடலில் தம் கண்ணீரையும் குறிப்பிட்டார். ஆயினும் அத்தாயின் அழுகை அளவு கடந்தது என்று கடிந்தும் கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் தமாசுஸ் மறைந்தார். காப்பவர் இல்லாத நிலையில், 385 ஆகஸ்டில் ஜெரோம் உரோமாபுரியை விட்டு வெளியேறினார்.

386இல் அவர் பெத்லகேமில் குடியேறினார். பவுலாவும் அங்கே வந்து, தம் செல்வத்தால் துறவு மடங்களை எழுப்பினார். அங்கேதான் ஜெரோமின் பெரும்பணி நிகழ்ந்தது. பழைய ஏற்பாட்டை அதுவரை இலத்தீன் மக்கள் கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாகவே படித்து வந்தனர். ஜெரோமோ எபிரேய மூலத்துக்கே சென்றார். தம் இனத்தாருக்கு அஞ்சி இரவில் வந்து கற்பித்த யூத ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்டார். 390 முதல் 405 வரை, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவர் இதற்காக உழைத்தார்.

மக்கள் உடனே மகிழ்ந்தார்களா? இல்லை. இன்று லிபியா நாட்டின் திரிப்போலி எனப்படும் ஒயா நகரில் நடந்ததை அகுஸ்தீன் 403இல் ஜெரோமுக்கு எழுதினார். யோனாவுக்கு நிழல் தந்த செடி, பழைய மொழிபெயர்ப்பில் சுரைக்கொடி என்று இருந்தது. ஜெரோம் அதனை ஐவி என்னும் படர்கொடியாக மாற்றியிருந்தார். புதிய சொல் கோவிலில் படிக்கப்பட்டதும் மக்கள் கூச்சலிட்டனர். ஆயர் தம் சபையையே இழக்கும் நிலைக்கு வந்துவிட்டாராம். அச்செடி ஆமணக்கு என்பது பின்வந்த அறிஞர் பலரின் கருத்து. ஒரு செடியின் பெயருக்கா இத்தனை கலகம் என்று நாம் நகைக்கலாம். ஆனால், செவிக்குப் பழகிய சொல்லை மாற்றுகிறவனுக்குப் புலமை மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஜெரோம் பொறுமையோடு விடை எழுதவில்லை; ஏளனம் கலந்தே எழுதினார். அதற்கு முன்பே இருவரிடையே மனத்தாங்கல் உண்டு. அகுஸ்தீன் எழுதிய மடல் ஒன்று ஜெரோமை அடையுமுன் உரோமாபுரியில் பலர் கைக்குப் போய்விட்டது. தம்மைத் தாழ்த்தவே இவ்வாறு செய்தார் என்று ஜெரோம் ஐயுற்றார். அகுஸ்தீனோ எதிர்த்துச் சீறாமல், பணிந்து விளக்கம் கூறி, மன்னிப்பும் வேண்டினார். அதனால் அந்த நட்பு பிழைத்தது, நாளடைவில் வளர்ந்தது.

ரூபினஸோடு கொண்ட நட்புக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அவர் அப்போது எருசலேமில் ஒலிவ மலையில் வாழ்ந்தார். பெத்லகேமிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய தொலைவுதான். மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் ஒரிஜனின் நூல்களை இருவரும் விரும்பிப் படித்தவர்கள். 393ஐ ஒட்டி, ஒரிஜனின் கொள்கைகள் தவறானவை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஜெரோம் ஒரிஜனை விட்டு விலகினார். ரூபினஸ் விலக மறுத்தார். பூசல் முற்றியது. 397இல் எருசலேமில் இருவரும் கைகோத்துச் சமாதானம் செய்தனர். பின் ரூபினஸ் இத்தாலிக்குச் சென்று, ஒரிஜனின் நூல் ஒன்றை 398இல் மொழிபெயர்த்தார். அதன் முன்னுரையில், ஜெரோமின் அடிச்சுவட்டையே தாமும் பின்பற்றுவதாகப் புகழ்ந்து எழுதினார். புகழ்ச்சியா, பொறியா? ஜெரோம் அதனைப் பொறி என்றே கொண்டார்.

இங்கே ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. 399இல் ஜெரோம் ரூபினஸுக்கு அமைதியான மடல் ஒன்றை எழுதினார். குறை கூறினாலும் நட்பை விடாத மடல் அது. உரோமாபுரியிலிருந்த அவருடைய நண்பர்கள் அதனை உரியவரிடம் சேர்க்கவில்லை. கடுமையான எழுத்துகளோ தவறாமல் போய்ச் சேர்ந்தன. 401 முதல் இருவரும் ஒருவரையொருவர் தாக்கி நூல்களே எழுதினர். ஏறத்தாழ 411இல் ரூபினஸ் சிசிலித் தீவில் இறந்தார். அச்செய்தி கேட்ட பின்னும் ஜெரோமின் சினம் தணியவில்லை. எசேக்கியேல் நூலுக்குத் தாம் எழுதிவந்த உரையின் முகப்பில், சிசிலியின் மண்ணுக்கடியில் தேள் ஒன்று புதைந்தது என்ற பொருள்பட எழுதினார். அறுந்துபோகக்கூடிய நட்பு மெய்யான நட்பாய் இருந்ததில்லை என்று எழுதிய அதே கைதான் இதனையும் எழுதியது!

அந்த உரையில் இன்னொன்றும் இருக்கிறது. 410இல் அலாரிக்கின் படை உரோமாபுரியைச் சூறையாடியது. நேற்றுவரை செல்வராய் இருந்தோர் அகதிகளாய்ப் பெத்லகேமுக்கு வந்து கையேந்தி நின்றனர். ஜெரோம் எழுதுகோலை வைத்துவிட்டு அவர்களுக்குத் தொண்டு செய்யலானார். எழுத்தைச் செயலாக மாற்ற வேண்டிய காலம் இது என்று எண்ணி உரையை நிறுத்தி வைத்ததாக அவரே குறிப்பிடுகிறார். ஒரே நூலில், ஒரு பக்கம் இறந்த நண்பரை ஏசுகிறார். மற்றொரு பக்கம் முன்பின் அறியாத ஏழைக்காக வேலையைத் துறக்கிறார். இரண்டும் ஒரே மனிதர் என்பதை ஏற்றுக்கொள்வது எளிதன்று. ஆனால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இதனை நான் வெறும் நூலறிவாக மட்டும் கூறவில்லை. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர், பின்னாளில் மாணவருக்கென ஓர் இலக்கணக் கையேடு எழுதி எனக்கு அனுப்பினார். அதில் ஒன்பது பிழைகள் கண்டேன். ஒன்பதையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கிண்டலைச் சேர்த்து அனுப்பினேன். ஓர் அஞ்சலட்டையில் "நன்றி" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. அதன்பின் அவரிடமிருந்து கடிதமே இல்லை. வருத்தம் தெரிவித்து எழுத வேண்டுமென்று பல கோடை விடுமுறைகளில் எண்ணினேன், எழுதவில்லை. அவர் மறைந்த பிறகு, கடை ஒன்றில் அக்கையேட்டின் இரண்டாம் பதிப்பைக் கண்டேன். ஒன்பது பிழைகளும் திருத்தப்பட்டிருந்தன. நான் சொன்னது சரி என்பதில் ஐயமில்லை. அந்தச் சரியால் எனக்கு இன்று ஒரு பயனும் இல்லை.

ஜெரோம் 420இல் பெத்லகேமில் மறைந்தார். அவர் பணியை அடிப்படையாகக் கொண்ட இலத்தீன் வேதாகமம் வுல்காத்தா என்ற பெயரால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மேலை ஐரோப்பாவில் வழங்கியது. 1450களில் கூட்டன்பர்க் அச்சிட்ட வேதாகமமும் அதுவே. அவர் நினைவுநாளாகிய செப்டம்பர் 30ஐ, 2017இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பன்னாட்டு மொழிபெயர்ப்பு நாளாக ஏற்றது.

மாணவர்களே! ஜெரோமிடமிருந்து உழைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள்; மூலத்தைத் தேடிச் செல்லும் துணிவைக் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய குறையையும் மறவாதீர்கள். ஏட்டில் உள்ள பிழையைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே எழுதலாம். நண்பர் நெஞ்சில் எழுதிய கடுஞ்சொல்லை அவ்வாறு அழிக்க முடியாது. பிழையைச் சுட்டிக் காட்டுங்கள். அது நட்பின் கடமை. கிண்டலை மட்டும் விட்டுவிடுங்கள். யாருக்கேனும் ஆறுதலாக ஒரு மடல் எழுத எண்ணியிருந்தால், அதனை இன்றே எழுதுங்கள்; பிறர் கையில் கொடுக்காமல் நீங்களே கொண்டுபோய்ச் சேருங்கள்.