கதவுக்குள் ஓடும் கண்ணாடி

கார்க் கதவின் கண்ணாடி, கதவுக்குள் இரு ஓரங்களிலும் நிற்கும் தகரக் காடிகளில் ஏறி இறங்குகிறது. காடியின் உட்புறம் பதித்த கம்பளிப் பட்டை அதை ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. பட்டை தேய்ந்தாலோ காடியின் திருகு தளர்ந்தாலோ கண்ணாடி சாய்ந்து பாதியில் சிக்கிக்கொள்ளும்.

இந்தப் பழுது எளிதில் தெரியும் இடங்களில் ஒன்று திருப்பதி மலைச்சாலை. திருப்பதியில் மோட்டார் தொழில் திருமலையை நம்பி வளர்ந்தது. திருப்பதி அடங்கிய சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1944-ல், முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. அதுவரை பக்தர்கள் நடந்தோ டோலியிலோ ஏறினார்கள். 1974-ல் இரண்டாம் சாலை வந்தது. இன்று ஏற ஒன்று, இறங்க ஒன்று. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது கண்ணாடி உள்ளும் புறமுமாக மாறி மாறி அழுந்தும். பட்டை நன்றாக இருந்தால் அது தெரியாது. தேய்ந்திருந்தால் வழியெல்லாம் கடகடப்புதான்.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் வாடகைக் கார் என்றால் பெரும்பாலும் அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி 1957-ல் உருவாகி, 2014 வரை உத்தரபாராவில் தயாரானது. அதன் முன்கதவில் காற்றுக்காகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி இருந்தது. இத்தகைய கதவுகளில் முக்கோணத்துக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவே நிற்கும் கம்பமே பெரிய கண்ணாடியின் முன்காடி. கம்பத்தின் அடித்திருகு தளர்ந்தால் இரண்டு கண்ணாடிகளும் ஆடும். உள்ளே கைப்பிடியைச் சுழற்றினால் சிறு பல்சக்கரம் ஒரு பல்வட்டைத் திருப்பும். அதனோடு சேர்ந்த கை, நுனி உருளையால் கண்ணாடியைத் தூக்கும். பட்டறை வழக்கில் இந்த முழு அமைப்புக்கும் 'விண்டோ மெஷின்' என்று பெயர்.

மழை இந்தப் பாகங்களுக்குப் பெரும் பகை. கண்ணாடியில் வழியும் நீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடியிலுள்ள துளைகள் அதை வெளியேற்றும். மண்ணும் இலைத்தூளும் துளையை அடைத்தால் நீர் தேங்கும், காடியின் அடிப்பகுதி துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வலுக்கும் திருப்பதி வட்டாரத்தில் அந்தத் துளைகளைக் குத்திவிடுவதே மலிவான, மிக அவசியமான பராமரிப்பு.

பழுதுபார்க்கும் முறை பொறுமையைக் கேட்பது. கைப்பிடியையும் உள்பக்க அட்டையையும் கழற்றி, துருவைச் சுரண்டி, பட்டையை மாற்றுவார்கள். காடியின் திருகுத்துளைகள் நீள்வாக்கில் இருப்பதால் சற்று நகர்த்தலாம். கண்ணாடியை முழுவதும் ஏற்றி, அது தானாக நேர்ப்பட்ட பின்பே திருகை முறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கிவிட்டால் கண்ணாடி மறுபடி சிக்கும். கம்பளியில் கிரீஸ் பூசுவதும் தவறு. தூசி ஒட்டி அது அரத்தைப் போல் கண்ணாடியைக் கீறும்.

1990-களில் மோட்டாரில் இயங்கும் கண்ணாடி பரவியது. பல புதிய கார்களில் எஃகுக் கைக்குப் பதில் மெல்லிய கம்பியும், கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டும் வந்தன. கண்ணாடி சிக்கினால் கைப்பிடியைச் சுற்றும் மனிதக் கை உடனே உணர்ந்து நிறுத்தும். மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்க, வெயிலில் இறுகிய பிளாஸ்டிக் உடையும். அந்தத் துண்டு பெரும்பாலும் தனியாகக் கிடைப்பதில்லை. முழு மெஷினையும் மாற்றச் சொல்வார்கள். அதைப் பழையதாகத் தேடுவோருக்கு, பழைய பாகங்களுக்குப் பேர்போன சென்னைப் புதுப்பேட்டை, திருப்பதியிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம். கதவோடு ரிவெட் அடித்த மெஷினானால், ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, அந்த இடத்தில் போல்ட் நட்டுப் போட்டுப் பூட்டுகிறார்கள்.