இரத்தத்தில் இருக்கிறதா?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவ மக்கள் வாழ்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய சில குடும்பங்களின் வழிவந்தவர்கள். குதிரை வண்டியில் செல்வர். தம்முள்ளேயே மணம் முடிப்பர். தலைமுறை உறவுகளை ஏட்டில் குறித்து வைப்பர். மதுவும் மணமுறிவும் அங்கே அரிது. தற்கொலையும் அரிதே. ஆயினும் அது நேர்ந்தபோதெல்லாம், "இரத்தத்தில் இருக்கிறது" என்பது அவர்களிடையே வழங்கிய பேச்சு.

அப்பேச்சில் உண்மை உண்டா என ஜானிஸ் எகெலாண்ட் அம்மையார் ஆராயப் புகுந்தார். 1880 முதல் 1980 வரை நிகழ்ந்த 26 தற்கொலைகளை ஆராய்ந்து, 1985-இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நான்கே குடும்ப வழிகளில் நிகழ்ந்திருந்தன. 24 பேர் உளச்சோர்வு முதலான கடும் மனநிலை நோயால் துன்புற்றவர்கள். இரத்தமே காரணம் என்று ஏட்டை மூடிவிடத் தோன்றும். ஆனால் அதே நோய் மலிந்திருந்த வேறு சில குடும்பங்களில் ஒரு தற்கொலைகூட இல்லை!

ஒரே குடும்பத்தார் இரத்தத்தை மட்டுமா பகிர்கின்றனர்? வளர்ப்பையும் துயரத்தையும் சேர்த்தே பகிர்கின்றனர். இரண்டையும் பிரித்துக் காணும் வழி டென்மார்க்கில் கிடைத்தது. ஷுல்சிங்கர், கெட்டி முதலியோர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, தற்கொலையால் இறந்த 57 தத்துப்பிள்ளைகளை அவர்களையொத்த வேறு 57 தத்துப்பிள்ளைகளோடு ஒப்பிட்டது. முன்னவரின் இரத்த உறவினர் 269 பேரில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். பின்னவரின் இரத்த உறவினர் 269 பேரில் இருவரே. வளர்த்த குடும்பங்களில் ஒருவருமில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை அதன்பின் மறுப்பது கடினமாயிற்று.

ஆனால் எந்த மரபணு? ஆமிஷ் மக்களின் மனநிலை நோய்க்குப் பதினோராவது குரோமோசோமில் இடம் கண்டுவிட்டதாக 1987-இல் பெரும் ஆரவாரம் எழுந்தது. 1989-இல் அம்முடிவு நிலைக்கவில்லை. தற்கொலைக்கு முயன்ற ஏறத்தாழ 30,000 பேரின் மரபணுக்களை நோக்கிய 2022-ஆம் ஆண்டு ஆய்விலும் தனியொரு காரணம் அகப்படவில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கு பெறுகின்றன. அவற்றைக் கொண்டு எவருடைய முடிவையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

தெளிந்த மனத்தோடு தன்னுயிரை மாய்த்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் உளக் கோளாறு ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் கூறுகிறது. கல்லறைத் தோட்ட மதிலுக்கு வெளியே ஒரு மண்மேட்டைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அவ்வீட்டுப் பெண்ணுக்கு நெடுநாள் வரன் அமையவில்லை. ஆமிஷ் மக்களை அறியாத எங்கள் ஊரும் அதற்குச் சொன்ன காரணம் அதே இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருந்தது.