திருகோணமலைத் தளமும் கரையோர மக்களும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் முன்னால் நின்று வடக்கே நோக்கினால் மணலும் தோணிகளும் தவிர வேறொன்றும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் இக்கீழைக் கடலின் வரலாறு, இங்கே கரைவலை இழுத்தவர்களைக் காட்டிலும், வடக்கேயுள்ள திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் போரிட்டவர்களைப் பற்றியே எழுதப்பட்டிருக்கிறது. அவ்வரலாற்றை நாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து, "கோட்டையைப் பிடித்தவர்களின் பெயரெல்லாம் சொன்னீர்கள் சேர். அந்தக் குடாவில் மீன் பிடித்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்று வினவினான். பாடநூலில் அதற்கு விடை இல்லை. அவ்வினாவைத் துணையாகக் கொண்டு அத்தளத்தின் கதையை மீண்டும் ஒருமுறை நோக்குவோம்.

பாய்க்கப்பற் காலத்தில் வாடைக்காற்று எழுந்தால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்கள் நிற்க இயலாது. சென்னையில் அன்று அலை தடுக்கும் துறைமுகம் இல்லை. கப்பலைப் பழுதுபார்க்கக் குமரிமுனையைச் சுற்றிப் பம்பாய்க்குச் செல்ல வேண்டும். அங்கே சென்று திரும்புவதற்குள் வங்காள விரிகுடா பகைவன் கைக்குப் போய்விடலாம். ஆழமும், குன்றுகளின் அரவணைப்பும் கொண்ட திருகோணமலையை வல்லரசுகள் நாடியதன் காரணம் இதுவே. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையே கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கவர்ந்தனர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து, நிலைத்து நின்றனர். இத்தனை கைமாற்றங்களிலும் கரையில் வாழ்ந்த மக்களின் விருப்பத்தை எவரேனும் கேட்டதுண்டோ?

ஆங்கிலேயர் ஆட்சியில் இத்துறைமுகம் கடற்படைக்கே உரியதாயிற்று. தேயிலையும் தேங்காயெண்ணெயும் கொழும்பை நாடின; அங்கே அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன; வணிகமும் வங்கிகளும் அங்கேயே வேரூன்றின. உலகம் புகழும் இயற்கைத் துறைமுகத்தைச் சூழ்ந்திருந்த கிண்ணியாவும் மூதூரும் தோணித்துறைகளாகவே நின்றன. பெரும் துறைமுகம் ஒன்று தன் சொந்த நிலப்பரப்புக்கு வாணிப வாசலாகாமல் இருந்ததே இத்தளத்தின் முதற் பேறு.

தளம் பிழைப்பைத் தந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. டொக்யாட்டில் தச்சரும் கொல்லரும் சுமைகூலிகளும் உழைத்தனர்; தென்னிந்தியாவிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். ஆனால் அப்பிழைப்பின் ஆயுளை நிர்ணயித்தது இலண்டன். 1905இல் கடற்படையைச் சீரமைத்த பிரித்தானிய அரசு திருகோணமலைக் கப்பற்பட்டறையின் பணிகளைச் சுருக்கிற்று. பின்னர் நிலக்கரி போய் எண்ணெய்க் காலம் வந்ததும், சீனக்குடாக் காட்டினுள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் எண்ணெய்த் தாங்கிகள் நூறளவில் எழுந்தன. வேலை வந்ததும் போனதும் இக்கரையின் தேவையால் அல்ல. தொலைவிலிருந்த ஒரு பேரரசின் கணக்கால்.

1942இல் அக்கணக்கின் விலை தெரிந்தது. சிங்கப்பூர் பெப்ரவரியில் வீழ்ந்தது. ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று பற்றி நாட்கணக்கில் எரிந்தது. தாக்குதலுக்கு அஞ்சி முன்னிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன்னிடம் விமானமொன்றும் இல்லாத நிலையில், திரும்பும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டனர். அதன் சிதைவு இன்றும் நம் கடலடியில் கிடக்கிறது. கப்பற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்கு விலகிச் சென்று, 1944இலேயே மீண்டது. கடற்படை இடம்பெயரலாம், கரையோரத்துக் குடிகள் எங்கே பெயர்வது? காவலுக்கென்று சொல்லப்பட்ட தளமே இக்கரையைப் பகைவனின் இலக்காக்கியது.

1947ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தம், சுதந்திரம் வந்த பின்னும் தளத்தை ஆங்கிலேயர் கையில் வைத்தது. பண்டாரநாயக்கா அரசின் காலத்தில், 1957 அக்டோபர் 15 அன்று, அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் தன்மானத்துக்குக் கிடைத்த வெற்றி இது; ஐயமில்லை. ஆனால் கொடி இறங்கியதோடு அக்கொடியின் கீழ் கூலி பெற்றவர்களின் வேலையும் இறங்கியது. தளம் போன பின் அதனிடத்தில் எது வரும் என்பதற்கு ஆயத்தமான திட்டம் இருக்கவில்லை. குறிப்பிடத்தக்க பெருந்தொழில்களான மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் அங்கே எழ 1980கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

தளம் நம் நாட்டுக் கடற்படையின் கைக்கு வந்த பின் கரையோர மக்களின் வினா தீர்ந்ததா? போர்க்காலத்தில் அனுமதிச்சீட்டும் நேரக் கட்டுப்பாடும் தடைசெய்த கடற்பரப்பும் மீனவனின் வலையைச் சுருக்கின. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தில் கடற்படைப் பயிற்சி முகாம் அமைந்தது; அந்நிலத்துக்காக அவர்கள் முகாம்களில் பத்தாண்டளவு காத்திருந்தனர். நாட்டுக்குக் கடற்காவல் வேண்டும். ஆனால் காவலின் சுமை ஏழையின் தலையில் மட்டும் ஏறலாமா?

எண்ணெய்த் தாங்கிகளின் கதையும் இத்தகையதே. 1987ஆம் ஆண்டு இலங்கை, இந்திய உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவை இடம்பெற்றன. 2022 ஜனவரியில் எஞ்சிய 99 தாங்கிகளும் பங்கிடப்பட்டன: 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு. பேரரசுகள் போய் நிறுவனங்கள் வந்துள்ளன. கணக்கில் இன்னும் கிண்ணியாவின் பெயரைக் காணோம்.

போர்க்கப்பலுக்கென்று கட்டப்படாத துறைமுகத்துக்கும் இவ்வினா பொருந்தும். நம் ஊருக்குத் தெற்கே ஒலுவிலில் 2013இல் திறந்த துறைமுகம் அதற்குச் சான்று. அதன் வாயை மணல் அடைத்தது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையை அரித்துத் தென்னந்தோப்புகளைக் கொண்டு சென்றது. மணல் எந்தப் பருவத்தில் எத்திசை நகரும் என்பதைக் கரைவலைக்காரன் தன் காலடியில் அறிவான். அவனைக் கேட்காமல் வரைபடம் வரைந்தால் விளைவு இதுவே.

மாணவனின் வினாவுக்கு நாம் கண்ட விடை இவ்வளவே: குடாவில் மீன் பிடித்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், முடிவெடுத்த அவைகளில்தான் அவர்கள் இருக்கவில்லை. துறைமுகம் ஒன்றின் பெருமையை அதன் ஆழத்தாலும் அங்கு நிற்கும் கப்பல்களாலும் அளப்பது பழைய வழக்கம். அதைச் சூழ்ந்த ஊர்களில் எத்தனை பிள்ளைகள் பசியின்றிப் பள்ளிக்கு வருகின்றனர் என்று அளக்க இனியேனும் கற்றுக்கொள்ள வேண்டும். நம் கரையில் அடுத்த திட்டம் வகுக்கப்படும்போது கல்முனைக்குடியின் தோணிக்காரனுக்கும் அங்கே ஓர் ஆசனம் வேண்டும் என்று இப்பொழுதே கேட்போம்.